எஸ்டேட் மண்பாதை கெட்டால்: எந்த அறிகுறிக்கு எந்த டிராக்டர் கருவி?

எங்கள் காப்பித் தோட்டத்துக் களத்திலிருந்து நாகலூர் சாலையைத் தொடும்வரை 640 மீட்டர் மண்பாதை. கார்த்திகையில் பழம் பறிக்கத் தொடங்கினால் தை முடியும்வரை ஜீப் மூட்டையோடு இறங்கிக்கொண்டே இருக்கும். சேர்வராயன் மலைக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. போதாததற்குச் சித்திரை, வைகாசியில் இடிமழை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,500 மில்லிமீட்டர் பெய்கிற இடத்தில் மண்பாதை கெடுவதில் வியப்பு ஒன்றும் இல்லை. கெட்டபோதெல்லாம் நான் தவறான கருவியை மாட்டிக்கொண்டு போய் அதை மேலும் கெடுத்தேன். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டகையில் இப்போது நிற்பவை: ஒன்பது கொத்துக் கலப்பை ஒன்று, ஆறடி லெவலர் பிளேடு ஒன்று, அதாவது டிராக்டருக்குப் பின்னால் தொங்கும் வளைந்த ஒற்றைத் தகடு, கோணமாகத் திருப்பி வைக்கலாம், பெட்டி பிளேடு ஒன்று, இரண்டு பக்கமும் அடைத்து, உள்ளே மண்ணைக் கிளறும் கொக்கிப் பற்கள் வைத்தது. மூலையில், சுழலும் பிளேடுகளால் மண்ணைப் பொடியாக்கும் ஒரு ரோட்டவேட்டரும் இருக்கிறது. அதற்கும் பாதைக்கும் சம்பந்தம் இல்லை. ஏன் என்பது கீழே வரும்.

## எந்தக் கருவியையும் மாட்டுவதற்கு முன்

நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு பாதையின் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஒருமுறை நடந்துவிடுங்கள். தண்ணீர் பாதைக்குள் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேற வழியில்லாமல் நிற்கிறது என்று பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள். வெயிலில் போய்ப் பார்த்தால் பள்ளம் மட்டும்தான் கண்ணில் படும்.

அடுத்தது மண்ணின் பதம். புட்டுக்கு மாவு பிசிறுகிற பதம் வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் பிடிபட வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். வழவழவென்று கையில் ஒட்டினால் டிராக்டரை எடுக்காதீர்கள். பிடிபடாமல் தூளாக ஓடினாலும் எடுக்காதீர்கள். அந்த மண்ணை வெட்டலாம், ஆனால் திரும்ப இறுகாது. மழை விட்ட இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோதான் எங்கள் பாதைக்கு ஏற்ற நாள்.

## அறிகுறி: மழைநீர் பாதையை அறுத்துக்கொண்டு ஓடுகிறது

சரிவில் ஒரு சக்கரத் தடம் மட்டும் ஓடையாகி, சில இடத்தில் முழங்கால் ஆழம் வரை போயிருக்கும். மலையில் இருப்பவர்களுக்கு முக்கால்வாசித் தொல்லை இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

### மேலே வாய்க்கால் அடைத்திருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதுதான், செலவும் இல்லை. ஓடை தொடங்குகிற புள்ளியிலிருந்து மேல்நோக்கி நடந்தால், மேட்டுப்பக்கத்து ஓர வாய்க்கால் எங்காவது நிரம்பி வழிந்து பாதைக்குள் திரும்பியிருக்கும். சில்வர் ஓக் இலை காய்ந்து விழுந்தால் பாய் முடைந்ததுபோல ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். அதில் நாலு கூழாங்கல்லும் சேர்ந்தால் அணை கட்டியாகிவிட்டது.

ஒருமுறை நான் பெட்டி பிளேடை மாட்டி, டாப் லிங்க், அதாவது கருவியின் மேல்பகுதியை டிராக்டரோடு இணைக்கும் திருகுத் தண்டைத் திருகி, அரை நாள் வேலைக்கு ஆயத்தமாக டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு போனேன். எங்கள் ஓட்டுநர் அண்ணன் பின்னாலேயே மண்வெட்டியோடு நடந்து வந்தார். “தம்பி, வண்டியை நிறுத்துங்கள்” என்றார். வாய்க்காலில் இறங்கி இரண்டு கை அகலத்துக்கு இலைக்கட்டைப் புரட்டிப் போட்டார். கறுப்புத் தண்ணீர் ஒரு பெருமூச்சு விட்டதுபோல அந்தப் பக்கம் இறங்கியது. பாதையில் ஓடிக்கொண்டிருந்த நீர் எங்கள் கண்ணெதிரிலேயே மெலிந்து நின்றது. இருபது நிமிட வேலை. பாதையைச் சரிசெய்ய டிராக்டர் தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் அந்த அடைப்பை எடுக்காமல் சரிசெய்திருந்தால் அடுத்த மழைக்கு அதே ஓடை திரும்ப வந்திருக்கும்.

### பாதையின் தாழ்ந்த ஓரத்தில் வரப்பு கட்டியிருக்கிறதா?

பாதையை ஒவ்வொரு முறை சமப்படுத்தும்போதும் பிளேடின் ஓரத்திலிருந்து கொஞ்சம் மண் வழிந்து வெளி விளிம்பில் தங்கும். ஐந்தாறு ஆண்டில் அது ஓரடி உயர வரப்பாகிவிடும். மேலே புல் முளைத்துவிட்டால் அது வரப்பு என்பதே மறந்துபோகும். தண்ணீர் வெளியே போக வழியின்றிப் பாதைக்குள்ளேயே ஓடும்.

சோதனை எளிது. பாதையின் நடுவில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டுங்கள். பத்தடிக்குள் ஓரம் தாண்டி வெளியே போனால் வரப்பைக் குறை சொல்ல முடியாது. பாதை வழியாகவே கீழே ஓடினால் இந்த வரப்புதான் காரணம்.

கருவி: லெவலர் பிளேடு. சுமார் 30 பாகை கோணம் திருப்பி, ஓரத்து மண்ணை நடுவுக்கு இழுத்து வர வேண்டும். புல்வேர் கெட்டியாக இருந்தால் முதலில் கொத்துக் கலப்பையால் ஒரு முறை கிளறிக்கொள்ளலாம். இங்கே பெட்டி பிளேடு உதவாது. பக்கங்கள் அடைபட்டிருப்பதால் அது மண்ணைச் சுமந்துகொண்டு முன்னே போகுமே தவிர, பக்கவாட்டில் தள்ளாது. கருவி வாங்கும்போது நினைவில் வைக்க வேண்டிய வேறுபாடு இது ஒன்றுதான். நீளவாக்கில் ஓரிடத்து மண்ணை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகப் பெட்டி, குறுக்குவாக்கில் நகர்த்த லெவலர். நான் இதை அறியாமல் பெட்டியை முதலில் வாங்கினேன். விற்ற கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

### குறுக்கு வடிகால் இருக்கிறதா, போதுமான நெருக்கத்தில் இருக்கிறதா?

வாய்க்கால் சுத்தம், வரப்பும் இல்லை, ஆனாலும் அறுக்கிறது என்றால் சரிவு நீளமாக இருக்கிறது. பத்தடித் தடி ஒன்றை எடுத்து, மேல்நுனியைத் தரையில் வைத்து, ரசமட்டம் பார்த்துப் படுக்கையாகப் பிடியுங்கள். கீழ்நுனிக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு?

அரை அடி என்றால் 130 அடிக்கு ஒரு குறுக்கு வடிகால். ஓரடி என்றால் 80 அடிக்கு ஒன்று. இரண்டடி என்றால் 45 அடிக்கு ஒன்று. இது தோராயம். இளகிய மண்ணாக இருந்தால் இன்னும் நெருக்கலாம்.

மண்வெட்டியால் கட்டுகிற குறுகிய குறுக்கு வரப்பை மூட்டை ஏற்றிய ஜீப் ஒரு பருவத்தில் தேய்த்துவிடும். அதற்குப் பதில் அகலமான தாழ்வும் மேடும் அமைப்பதுதான் நிலைக்கிறது. இங்கேதான் பெட்டி பிளேடு தன் விலைக்கு உழைக்கும். மேலிருந்து கீழ்நோக்கி ஓட்டிவந்து, தாழ்வு வேண்டிய இடத்தில் கொக்கிப் பற்களை இறக்கிக் கிளறி, பெட்டியை மண்ணால் நிரப்பி, பதினைந்து இருபதடி இழுத்து, மெல்லத் தூக்கினால் அந்த மண் தாழ்வுக்குக் கீழே மேடாகப் படியும். இரண்டு மூன்று சுற்றில் ஓரடித் தாழ்வு கிடைத்துவிடும். தாழ்வு பாதைக்கு நேர் குறுக்காக இல்லாமல் வெளி ஓரத்தை நோக்கிச் சற்றே சாய்வாக இறங்க வேண்டும். தண்ணீர் விழுகிற முனையில் கருங்கல் அடுக்குங்கள். அடுக்காவிட்டால் அங்கே புதிதாக ஓர் ஓடை பிறக்கும், அது பக்கத்துத் தோட்டக்காரரோடு சண்டையில் முடியும்.

### எப்போது வேறு ஆளைக் கூப்பிட வேண்டும்?

பாதையை இயற்கையான ஓடை ஒன்று குறுக்கே வெட்டுகிறது என்றாலோ, அறுத்த பள்ளம் டிராக்டரின் முன்சக்கர அச்சு உயரத்தைத் தாண்டிவிட்டது என்றாலோ பிளேடு வேலை முடிந்தது. குழாய் பதித்த சிறு பாலமும் கல் கட்டும் தேவை. கொத்தனார், ஜேசிபி இரண்டும் வேண்டும். மலையில் மண் வெட்டும் இயந்திரத்தை இறக்குவதற்கு முன் வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி விவரம் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி மேலே ஏறிய பிறகு கேட்டால் வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

## அறிகுறி: இரண்டு தடம் பள்ளம், நடுவில் புல்மேடு, காரின் அடி உரசுகிறது

ஜீப் வைத்திருப்பவர்கள் இதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். சேலத்திலிருந்து காரில் வரும் சம்பந்தி வீட்டார்தான் கண்டுபிடித்துச் சொல்வார்கள்.

தடத்தின் ஆழம் நான்கு இஞ்சுக்குள் இருந்தால் புதிதாக மண் கொட்டவே வேண்டாம். தேவையான மண் நடுமேட்டிலேயே இருக்கிறது. முதலில் புல்லை அரிவாளால் தரையோடு அறுத்து அப்புறப்படுத்துங்கள். புல்லோடு சேர்த்துப் புரட்டினால் அது மக்கி, அந்த இடம் மெத்தைபோல அமுங்கும். பிறகு கொத்துக் கலப்பையை மேட்டின் மீது ஓட்டிக் கிளறுங்கள். ஒன்பது கொத்தும் வேண்டியதில்லை. ஓரத்துக் கொத்துகளைக் கழற்றிவிட்டு நடுவில் மூன்றை மட்டும் வைத்தால் டிராக்டர் திணறாது. பின்பு லெவலரால் இரு பக்கமும் பரப்புங்கள்.

முடிக்கும்போது பாதை பலகைபோல மட்டமாக இருக்கக்கூடாது. ஆமை முதுகாக நடு உயர்ந்திருக்க வேண்டும். ஓர் அடி அகலத்துக்கு அரை இஞ்ச் இறக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தடிப் பாதையில் ஓரத்தைவிட நடு இரண்டரை இஞ்ச் உயரம். நூலை ஓரத்துக்கு ஓரம் இழுத்துக் கட்டி, நடுவில் அளந்தால் போதும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம் என்று இருக்கும் குறுகிய இடத்தில் ஆமை முதுகு வைக்க இடம் இருக்காது. அங்கே முழு அகலத்தையும் ஒரே பக்கமாகச் சாய்த்துவிட வேண்டும்.

தடம் நான்கு இஞ்சுக்கு மேல் போயிருந்தால் வெளி மண் தேவை. கணக்கு இப்படி: நூறடி நீளம், பத்தடி அகலம், நான்கு இஞ்ச் கனம் என்றால் 333 கன அடி, அதாவது, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், மூன்றே கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இறுகும்போது கனம் குறையும் என்பதால் நான்கு யூனிட் சொல்லுங்கள். கிராவல் ஏற்றி வரும் வண்டியில் அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

## அறிகுறி: கூரைத் தகடுபோல அலை அலையாக இருக்கிறது

மாசி, பங்குனியில் வரும். வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிக்கும் இடத்திலும், ஏற்றத்தில் வேகம் கொடுக்கும் இடத்திலும் முதலில் தெரியும்.

காரணம் வேகம். செலவில்லாத மருந்து ஓட்டுநர்களிடம் சொல்வது. பலன் ஒரு வாரம் இருக்கும்.

அடுத்து, போன முறை நீங்கள் சமப்படுத்தியதே காரணமாக இருக்கலாம். அலையின் மேட்டைச் சீவிப் பள்ளத்தில் நிரப்பினால் பார்க்க அழகாக இருக்கும். பள்ளத்தில் விழுந்த தூள் மண் சில நாளில் பறந்துவிடும், பழைய அலை அப்படியே எழுந்து வரும். அலையின் அடி எங்கே இருக்கிறதோ அதற்கும் அரை இஞ்ச் கீழே வரை கிளறியாக வேண்டும். இதற்குப் பெட்டி பிளேடின் பற்கள் நல்லது. இல்லாவிட்டால் கொத்துக் கலப்பையும் லெவலரும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும்.

எனக்கு ஒரு காலத்தில் மின்னல்போல ஒரு யோசனை வந்தது. கிளற வேண்டும் என்றால் ரோட்டவேட்டரைவிடக் கிளறுவது எது? 80 மீட்டர் ஓட்டினேன். மைதா சலித்ததுபோல மண் கிடந்தது. ரோட்டவேட்டரில் மூன்று பிளேடு கல்லில் பட்டு வளைந்தன, அது தனிக் கணக்கு. நான்காம் நாள் மழை. அந்த 80 மீட்டரும் களியாகிவிட்டது. ஜீப்பைக் கயிறு கட்டி இழுத்தோம். இறுகிய கல்லும் மண்ணும் தமக்குள் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் பாதை. அந்தப் பிடிப்பை ரோட்டவேட்டர் பொடிசெய்துவிடும்.

இரண்டு முறை அடிவரை கிளறியும் அலை திரும்பினால் மண்ணில் பசை குறைவு. கண்ணாடிச் சீசாவில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வையுங்கள். அடியில் மணல் படியும், மேலே களிமண் மெல்லிய அடுக்காகப் படியும். அந்த மேலடுக்கு கண்ணுக்கே தெரியவில்லை என்றால் செம்மண் கலந்த கிராவலை மேலே பரப்பிக் கலக்க வேண்டும். வெறும் கிரஷர் தூளை வாங்கிக் கொட்டினால் அலை இன்னும் சீக்கிரம் வரும்.

## அறிகுறி: அதே இடத்தில் திரும்பத் திரும்பக் குழி

இது கீழ்நாட்டுத் தொல்லை. வாழப்பாடிப் பக்கம் என் மைத்துனரின் பாக்குத் தோப்புக்குப் போகும் பாதை உள்ளங்கைபோலச் சமம். ஒவ்வொரு ஐப்பசிக்கும் அதே ஒன்பது குழிகள். ஒவ்வொரு தையிலும் அவர் அதே குழிகளில் செங்கல் துண்டும் கட்டட இடிபாடும் கொட்டுவார். “மாமா, போன வருடம் போட்டது எங்கே போனது?” என்று கேட்டான் அவருடைய மருமகன். குழிக்கு அரை அடி தள்ளிப் புதுக் குழியாகப் போயிருந்தது.

குழியில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு நாளுக்கு மேல் நின்றால் பாதை வயல்மட்டத்தில் இருக்கிறது அல்லது அதற்கும் கீழே போய்விட்டது. முதல் வேலை ஓரத்து வாய்க்கால். லெவலர் பிளேடின் ஒரு முனையைத் தாழ்த்தி இதைக் கீறலாம். டிராக்டரின் வலப்பக்கத் தூக்குத் தண்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பக்கம் இறங்கும். கீறி வந்த மண்ணையே நடுவில் போட்டால் பாதையும் உயரும்.

குழியை மட்டும் மூட வேண்டுமானால், குழியின் ஓரங்களைக் கடப்பாரையால் நேராக வெட்டி, அடி வரை கிளறி, புட்டுப் பதத்தில் மண்ணைப் போட்டு, மூன்று இஞ்சுக்கு ஒருமுறை திமிசு போட்டு இறுக்குங்கள். குழிகள் பத்துக்கு மேல் போனால் ஒவ்வொன்றாக அடைப்பதைவிட, குழியின் ஆழத்துக்குப் பாதை முழுவதையும் கிளறிப் பெட்டி பிளேடால் திரும்பப் பரப்புவது மலிவு.

## அறிகுறி: சேறு, சக்கரம் புதைகிறது

மழை நின்று ஒரு வாரம் ஆகியும் ஓரிடம் மட்டும் ஈரமாகவே இருக்கிறதா? அங்கே ஊற்று இருக்கிறது. டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் எதுவும் இதைத் தீர்க்காது. ஓட்ட ஓட்டக் குழைத்துவிடும். மேட்டுப்பக்கம் இரண்டடி ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, கல் நிரப்பி, ஊற்றைப் பாதைக்கு முன்பே திருப்ப வேண்டும்.

ஊற்று இல்லை, வெறும் களிமண் என்றால் ஒன்றரை இஞ்ச் ஜல்லியை அடியில் போட்டு, மேலே கிராவல். சேற்றின் மீது நேரே ஜல்லியைக் கொட்டினால் அது விழுங்கிவிடும். இடையில் நெய்த பிளாஸ்டிக் துணி விரித்தால் நிற்கும். பரப்ப லெவலர் போதும், இறுக்க ரோலரை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். இரண்டாம் முறையும் அமுங்கினால் பொறியாளரைக் கூப்பிடுங்கள், மூன்றாம் லோடு ஜல்லியைக் கூப்பிடாதீர்கள்.

## அறிகுறி: கல் தலைகாட்டுகிறது

உதிரிக் கல்லா, வேர்க் கல்லா என்று கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். அசைந்தால் கையால் எடுத்து வாய்க்கால் முனைகளில் அடுக்குங்கள். அசையாதது மலையின் பாறை. பெட்டி பிளேடின் பல் அதில் மாட்டினால் பல் வளையும், டாப் லிங்க் ஒடியும், சில சமயம் டிராக்டரின் முகம் தூக்கும். அந்தக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து அடையாளம் வையுங்கள். அதற்கு முன்பே கருவியைத் தூக்கிவிட்டு, தாண்டியதும் இறக்குங்கள். அதன் மேல் கிராவல் போட்டு மூடுவதுதான் வழி.

## அறிகுறி: மண் சரி, பிளேடுதான் சொன்னபடி கேட்கவில்லை

பிளேடு தானாக ஏறி இறங்குகிறது. இதற்காக ஹைட்ராலிக் பழுது என்று பட்டறைக்கு ஓடியவர்களை அறிவேன், நானும் ஒருவன். டிராக்டரில் இரண்டு லீவர் இருக்கும். டிராஃப்ட் லீவர் உழவுக்கானது. மண் கெட்டியானால் தானே கருவியைத் தூக்கும், இளகினால் இறக்கும். வயலில் அது வரம், பாதையில் அது மேடு பள்ளத்தை உருவாக்கும் இயந்திரம். கையேட்டில் சொன்னபடி டிராஃப்டை விலக்கிவிட்டு, கருவியை வைத்த உயரத்திலேயே நிறுத்தும் பொசிஷன் லீவரில் மட்டும் ஓட்டுங்கள். அதற்குப் பிறகும் தூக்கி நிறுத்திய பிளேடு, எஞ்சின் அணைத்ததும் மளமளவென்று இறங்கினால் அப்போது மெக்கானிக்.

ஆழமாகக் குத்துகிறது, அல்லது மேலே வழுக்குகிறது. டாப் லிங்கைப் பாருங்கள். அதைச் சுருக்கினால் பெட்டி முன்பக்கம் குனிந்து பற்கள் ஆழமாக இறங்கும். நீட்டினால் பின்தகடு தரையைத் தடவி மட்டமாக்கும். ஒரு நேரத்தில் ஒரு சுற்று மட்டும் திருகி, இருபதடி ஓட்டிப் பாருங்கள். நாலு சுற்று திருகிவிட்டு எது சரி என்று தேடுகிறவர்கள் மாலை வரை தேடுவார்கள்.

ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிறது. வலத் தூக்குத் தண்டு போன முறை வாய்க்கால் கீறிய நிலையிலேயே இருக்கும். பின் டயர்களின் காற்றையும் பாருங்கள்.

பிளேடு குதித்துக் குதித்து அலை போடுகிறது. வேகம் அதிகம். பக்கத்தில் ஒருவர் நடந்துவந்தால் மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே வர வேண்டும், அவ்வளவுதான் வேகம்.

வெட்டவே மாட்டேன் என்கிறது. முனை தேய்ந்திருக்கும். திருப்பிப் போடும் முனை என்றால் மறுபக்கம் இருக்கிறது. இரண்டும் தேய்ந்தால், லாரிகளின் ஊரான சங்ககிரி நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பழைய லாரி வில்பட்டை வாங்கி வெல்டிங் பட்டறையில் துளையிட்டு மாட்டலாம். முனை நன்றாக இருந்தும் இறங்கவில்லை என்றால் கருவியின் எடை போதவில்லை. சட்டத்தின் மேல் மணல் மூட்டையைக் கட்டுங்கள். ஆளை ஏற்றி நிற்க வைக்காதீர்கள். எல்லாத் தோட்டத்திலும் செய்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். கல்லில் பிளேடு ஒருமுறை எகிறினால் அவர் விழுகிற இடம் பெரிய சக்கரத்துக்கும் தகடுக்கும் நடுவே.

டிராக்டரின் முகம் தூக்குகிறது. ஏற்றத்தில் நிறைந்த பெட்டியோடு ஏறாதீர்கள். சரிவில் வெட்டும் வேலையை இறங்கும்போதே செய்யுங்கள், ஏறும்போது தூக்கிக்கொண்டு காலியாக ஏறுங்கள். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் சேர்த்துப் பூட்டிய பிறகுதான் மலைப்பாதையில் இறங்க வேண்டும். வயலில் திரும்புவதற்காகப் பிரித்துவைத்த பிரேக்கோடு இறக்கத்தில் மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாகத் திரும்பும். நியூட்ரலில் உருட்டுவது பற்றிப் பேசவே வேண்டாம்.

## இன்னும் எதுவும் வாங்கவில்லை என்றால்

கொத்துக் கலப்பை பெரும்பாலோரிடம் ஏற்கெனவே இருக்கும். அதோடு லெவலர் பிளேடு ஒன்று சேர்த்தால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை முடிந்துவிடும். பெட்டி பிளேடை, பாதை 300 மீட்டருக்கு மேல் நீண்டு, சரிவும் இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆண்டுக்கு இரண்டு நாள் வேலைக்கு யாரிடமாவது வாடகைக்கு எடுப்பதே லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையும் டிராக்டர்களையும் இயந்திரங்களையும் வாடகைக்குத் தருகிறது, கேட்டுப் பாருங்கள்.

அகலம் பின் டயர்களின் வெளிவிளிம்பை மறைக்க வேண்டும். மறைக்காவிட்டால் சமப்படுத்திய இடத்தில் உங்கள் டயரே தடம் போடும். ஓர் அடி அகலத்துக்கு ஆறேழு குதிரைத்திறன் என்று கணக்கிட்டால் 25 குதிரைத்திறன் சிறு டிராக்டருக்கு நான்கடி, 45க்கு ஆறடி. கடைக்குப் போகும்போது உங்கள் டிராக்டரின் கீழ் லிங்க் துளையை அளந்து செல்லுங்கள். சிறு டிராக்டர்களில் 22 மில்லிமீட்டர் ஊசி, பெரியவற்றில் 28. நான் அளக்காமல் போய், வாங்கிய கருவியை மலையேற்றி, மாட்ட முடியாமல் மீண்டும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறக்கியிருக்கிறேன்.

## அறிகுறி: பாதையின் வெளிவிளிம்பில் நீளவாக்கில் வெடிப்பு

வெயிலில் மேல்மண் காய்ந்து வலைபோல வெடிப்பது வேறு. இது விளிம்புக்கு இணையாக, ஒற்றைக் கோடாக, விரல் நுழையும் அகலத்தில் ஓடும். பார்த்ததும் டிராக்டரை நிறுத்துங்கள். வெடிப்பை மண் போட்டு மூடிச் சமப்படுத்தத் தோன்றும். செய்யாதீர்கள், அடையாளமும் போய்விடும், எடையும் கூடும்.

வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு முளைக்குச்சி அடித்து, இடைவெளியை அளந்து எழுதிவைத்து, வாரம் ஒருமுறை அளந்து பாருங்கள். எங்கள் மூன்றாவது வளைவில் ஓட்டுநர் அண்ணன் அப்படி அடித்தபோது இடைவெளி சரியாக 12 இஞ்ச். ஐப்பசி முடிவில் 13. வெளிக்குச்சி ஒரு பக்கமாகச் சாயவும் தொடங்கியிருந்தது. “இதற்கு மேல் நம் வேலை இல்லை தம்பி” என்று பிளேடைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டார். மண் சரிவு பார்க்கத் தெரிந்த கட்டடப் பொறியாளர் வந்து பார்த்தார். அடியிலிருந்து கல் தடுப்புச் சுவர் எழுப்ப வேண்டும், வெடிப்புக்கு மேலே எந்தத் தண்ணீரும் வராமல் திருப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். சுவருக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். அதுவரை அந்த 15 மீட்டரில் உள்பக்க வாய்க்காலைத் தட்டைக் கல்லால் மூடி, ஜீப்பை அதை ஒட்டியே ஓட்டுகிறோம். மூட்டை பாதி மட்டும் ஏற்றுகிறோம்.